முப்பது பல் மெமரி

1989-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7, திங்கட்கிழமை, பேருந்து நிலையத்துக்கு எதிர்க் கட்டடத்தின் முதல் மாடியில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை ஒன்று திறந்தது. அன்று வந்த இயந்திரம் ஒன்று. அதிலிருந்த மெமரி 640 கிலோபைட்.

முப்பது வருடம் கழித்து ஒரு மே மாதக் காலையில், அதே கடையின் பின்னறையில் கடைக்காரரின் தங்கை ஓர் இரும்பு அலமாரியின் முன்னால் நின்றாள். சாவி அண்ணனிடம் இருந்தது. அவர் அதைக் கொடுக்கிற அவசரத்தில் இல்லை.

"எல்லாத்தையுமா வெட்டணும்?"

"வகைக்கு ஒரு கிலோ. மிச்சத்தை நீயே வச்சுக் கும்பிடு."

"முப்பது பின்ல ஒரு கிலோன்னா மிச்சமே இருக்காது பாப்பா."

பாப்பாவுக்கு நாற்பத்தொன்பது வயது. நகைகளின் தரம் பார்க்கும் ஆய்வகம் ஒன்றில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவள். பிப்ரவரியில் அதை மூடிவிட்டார்கள். ஓய்வு நேரத்தில் பழைய கம்ப்யூட்டர் பலகைகளிலிருந்து தங்கம் பிரிக்கப் பழகியிருந்தாள். கடைக்குப் பின்னால் திறந்த மாடியில் இருந்த தகரக் கொட்டகையில் புகை உறிஞ்சும் விசிறி, கண்ணாடிக் குவளைகள், ஆய்வகம் மூடும்போது ஏலத்தில் எடுத்த மில்லிகிராம் தராசு எல்லாம் இருந்தன. பெரிய மறுசுழற்சி ஆலை ஒன்று, தன்னிடம் வரும் பழைய மெமரிகளைப் பிரித்துத் தங்கம் எடுத்துத் தர வெளியாட்களைத் தேடியது. விண்ணப்பித்திருந்தாள். கிடைத்தால் இந்தக் கொட்டகை அவளுடையதாகவே இருக்கும். கிடைக்காவிட்டால், மகள் ஏற்கெனவே வேறு ஊரிலிருந்து வாரம் இரண்டு முறை போனில் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அங்கே அவளுக்காக ஓர் அறை ஒழித்து வைத்திருந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் தெரிகிற அறை.

ஆலை நான்கு வகைகளைக் கேட்டிருந்தது. மூடியிலேயே தங்கம் பூசிய பீங்கான் சிப். பிறகு மெமரிப் பலகைகளில் மூன்று: 30 பின், 72 பின், 168 பின். பின் என்பது பலகையின் விளிம்பில் வரிசையாக இருக்கும் தங்கம் பூசிய தொடுமுனை. கடைகளில் அதைப் பல் என்றும் சொல்வார்கள். பல் குறைந்தது பழசு, பல் கூடியது புதுசு. ஒவ்வொரு வகையிலும் கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் தங்கம் கிடைக்கும் என்று முதல் படிவத்தில் எழுதியாகிவிட்டது. இப்போது கலப்பில்லாத மாதிரியை எடுத்து, பாதியை ஒரு முறை, மீதிப் பாதியை இன்னொரு முறை பிரித்து, மே 24-ஆம் தேதிக்குள் அறிக்கை தர வேண்டும். படிவத்துக்கும் அறிக்கைக்கும் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நிராகரிக்கலாம்.

பழைய சாமான் கடைகளில் எல்லாம் கலந்து கிடந்தது. வகை பிரித்து வைத்திருந்த ஒரே இடம் இந்த அலமாரி. வாடிக்கையாளர்கள் அதிக மெமரி போட்டுக்கொள்ளும்போது கழற்றிய பழையதை அண்ணன் தூக்கிப் போட்டதே இல்லை. "இருக்கட்டும், எதுக்காவது ஆகும்" என்று துண்டுக் காகிதத்தில் விவரம் எழுதி, ரப்பர் பேண்டு போட்டு பிஸ்கட் டப்பாக்களில் அடுக்கியிருந்தார். எதுக்கும் ஆகவில்லை. அண்ணி இருபது வருடமாகத் தூக்கிப் போடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"தூக்கிப் போடப் போறதைத்தானே கேக்கறேன்" என்றாள் தங்கை.

"தூக்கிப் போடறது வேற. வெட்டறது வேற."

சாவியைக் கொடுத்தார்.

பலகையின் பல் வரிசையை மட்டும் நறுக்கி எடுக்க, அச்சகங்களில் காகிதம் வெட்டும் கைக்கத்தி போன்ற ஒன்றை மேசையில் திருகி வைத்திருந்தாள். அண்ணன் எடுத்துக் கொடுக்க, அவள் வெட்ட வேண்டும். பீங்கான் சிப்பும் 168 பின்னும் ஒரு மணி நேரத்தில் முடிந்தன. 72 பின் கொஞ்சம் இழுத்தது. 30 பின் டப்பாவைத் திறந்ததும் வேலை நின்றுவிட்டது.

"அச்சகம், 386, பீப் மூணு, தொண்ணூத்து மூணு மார்ச்" என்று அண்ணன் முதல் காகிதத்தைப் படித்தார். மூன்று பீப் அடித்தால் மெமரியில் கோளாறு. "ஞாபகம் இருக்கா? மெமரி கிடைக்காம மூணு நாள் கடையிலயே உக்காந்திருந்தாரே. ஒரு எம்பி மெமரி வாங்க ஸ்கூட்டரை வித்தவரு."

"அவரு ஸ்கூட்டரை வித்தது அவரு தம்பி கேஸுக்கு. நீதான் எல்லார்கிட்டயும் மெமரிக்குன்னு சொல்லிட்டுத் திரிஞ்சே. குடு."

நறுக்.

"இது அந்த நாவல்காரர். மிஷினைக் குழந்தை வண்டியில வச்சுத் தள்ளிட்டு வருவாரே."

"குழந்தை இருந்துச்சா?"

"குழந்தை இடுப்புல. மிஷின் வண்டியில. கேட்டா, மிஷினுக்குக் குலுங்கினா ஆகாதுன்னாரு."

"நாவல் வந்துச்சா?"

"எழுநூறு பக்கம் வரைக்கும் வந்துச்சு. எட்டு எம்பி போட்டா முடிச்சிடலாம்னாரு. போட்டோம். அப்புறம் ஆளையே காணோம்."

நறுக்.

வெட்டுகிற நேரம் குறைந்து, கத்தியின் பிடியில் கை வைத்தபடி கேட்கிற நேரம் கூடியது. பன்னிரண்டு இயந்திரங்கள் வைத்திருந்த பள்ளிக்கூடம். வாசலில் செருப்பைக் கழற்றினால்தான் உள்ளே விடுவார்கள். அந்த ஊரிலேயே ஏசி இருந்த ஒரே வகுப்பறை என்பதால் தலைமையாசிரியர் மதியம் அங்கேதான் கணக்குப் பார்ப்பார். தட்டச்சுப் பயிற்சி நிலையம் ஒன்று. கம்ப்யூட்டர் வாங்கியும் அதன் மேல் துணி போட்டு மூடி, பக்கத்தில் தட்டச்சு இயந்திரத்திலேயே வேலை பார்த்தார்கள். அப்போதெல்லாம் இயந்திரத்தைப் போட்டதும் அது முதலில் தன் மெமரியை எண்ணும். கறுப்புத் திரையின் மூலையில் எண்கள் டிக்டிக்கென்று ஏறும். வீட்டுக்காரர், மனைவி, பிள்ளைகள், எதிர்வீட்டுக்காரர் எல்லாரும் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். 4096 வந்து நின்றதும்தான் யாராவது டீ கொண்டுவருவார்கள்.

"இப்ப எவன் எண்ணிப் பாக்கறான்?" என்றார் அண்ணன். "போட்ட உடனே வந்துடுது. அதுல என்ன இருக்குன்னு அவனுக்கும் தெரியாது, அதுக்கும் தெரியாது."

"அன்னைக்கு அரை மணி நேரம் எண்ணும்போது நீ திட்டுவே."

"திட்டினேன்தான். இப்ப நல்லா இருக்கு."

எண்பத்தாறு பலகைகள். மாலைக்குள் 30 பின் டப்பாவில் காகிதத் துண்டுகள் மட்டும் மிஞ்சின. அண்ணன் அவற்றை ஓர் உறையில் போட்டு எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் முழுக்கத் தங்கை கொட்டகையில் இருந்தாள். வேலை பார்க்கிறவர்களுக்கு அது அவ்வளவு சுவாரசியமான வேலை அல்ல. பெரும்பாலும் காத்திருப்பு. அமிலம் பலகை விளிம்பின் செம்பைத் தின்னத் தின்ன, மேலே பூசியிருந்த தங்கம் மெல்லிய தாளாகக் கழன்று மிதக்கும். அதை வடிகட்டி, ராஜ திராவகத்தில் கரைத்து, கரைசலில் இன்னொரு உப்பைச் சேர்த்தால் தங்கம் பழுப்பு வண்டலாக அடியில் இறங்கும். முதல் தடவை பார்க்கிறவர்கள் காபித் தூள் கொட்டிவிட்டதாக நினைப்பார்கள்.

பீங்கான் சிப் படிவத்தில் எழுதிய அளவுக்கு வந்தது. 168 பின் நான்கு சதவீதம் குறைவு. 72 பின் பதினொன்று குறைவு. 30 பின்னுக்கு அவள் எழுதியிருந்தது கிலோவுக்கு 590 மில்லிகிராம். அரைக் கிலோவில் 295 வர வேண்டும். தராசு 205 காட்டியது.

தராசின் கண்ணாடிக் கதவைத் திறந்து, மூடி, மறுபடி எடை போட்டாள். 205.

வடிகட்டிய தாளை எரித்துப் பார்த்தாள். மிச்சக் கரைசலில் ஒரு சொட்டு எடுத்துச் சோதித்தாள். தங்கம் இருந்தால் ஊதா நிறம் காட்ட வேண்டும். தண்ணீர் மாதிரி இருந்தது. பல் வரிசைகளில் தங்கம் ஒட்டியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திருப்பினாள். இல்லை. எங்கேயும் போகவில்லை. வந்ததே அவ்வளவுதான்.

படிவத்தில் எழுதிய 590 எங்கிருந்து வந்தது என்று யோசித்தாள். ஒரு கடையை மூடியபோது வாங்கிய இருபது பலகைகளைப் பிரித்து வந்த கணக்கு அது. அவை உறை பிரிக்காதவை, எந்த இயந்திரத்திலும் ஏறாதவை.

மீதிப் பாதியிலிருந்து ஒரு பல் வரிசையை எடுத்து நகை பார்க்கும் உருப்பெருக்கியில் பார்த்தாள். ஒவ்வொரு பல்லும் ஓரங்களில் மஞ்சளாக இருந்தது. நடுவில் சாம்பல் நிறம். தங்கத்துக்கு அடியில் இருக்க வேண்டிய நிக்கல் வெளியே தெரிந்தது. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் அப்படித்தான். கீறல்கள் எல்லாம் ஒரே திசையில், மேலிருந்து கீழாக.

கடைக்குள் போனாள். அண்ணன் ஒரு லேப்டாப்பின் விசிறியை ஊதிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, இதுங்களை நீ என்ன பண்ணே?"

"எதுங்களை?"

"முப்பது பின்னை."

"ஒண்ணும் பண்ணலையே. கழட்டி வச்சேன்."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி சர்வீஸ்தான். மூணு மாசத்துக்கு ஒரு தடவை போவேன். கழட்டுவேன், துடைப்பேன், மாட்டுவேன்."

"எதால துடைப்பே?"

அண்ணன் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு ரப்பரை எடுத்து வைத்தார். பாதி சிவப்பு, பாதி நீலம். பென்சிலுக்குச் சிவப்பு, மைக்கு நீலம். சிவப்புப் பாதி புதுசாக இருந்தது. நீலப் பாதி கிட்டத்தட்டக் காணாமல் போயிருந்தது.

"நீலத்தாலயா?"

"சிவப்புல அழுக்கு போகாது பாப்பா. நீலத்துலதான் நறநறன்னு மணல் இருக்கும். ரெண்டு இழு இழுத்தா பளிச்சுனு ஆயிடும்."

"பளிச்சுனு எது ஆச்சு?"

அவள் உருப்பெருக்கியையும் பல் வரிசையையும் அவர் முன்னால் வைத்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தார்.

"பழுது இருந்தாத்தானே துடைப்பே?"

"பழுது இல்லாட்டியும் துடைப்பேன். சர்வீஸ்னு போயிட்டு சும்மா வந்தா என்ன நினைப்பாங்க? அவங்க பாக்கணும்ல. திறந்தேன், கழட்டினேன், தேச்சேன், மாட்டினேன். நாலாயிரத்துத் தொண்ணூத்தாறு. டீ."

"ஒரு பலகையை எத்தனை தடவை தேச்சிருப்பே?"

"வருஷத்துக்கு நாலு. ஏழெட்டு வருஷம்." கணக்குப் போடாமலே நிறுத்திக்கொண்டார். "நான் தேச்சதாலதான் அதெல்லாம் ஓடிச்சுன்னு ஊர் பூரா சொல்லிட்டு இருக்கேனே."

"முப்பது வருஷமா ஊருக்கே பல் விளக்கி விட்டிருக்கே. நல்லாத்தான் விளக்கியிருக்கே, பல்லே இல்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. புதுசான 168 பின்னில் குறைவு கொஞ்சம். 72-இல் அதைவிடக் கூட. 30-இல் மூன்றில் ஒரு பங்கு. எவ்வளவு பழைய வாடிக்கையோ அவ்வளவு தேய்ப்பு. வாடிக்கையாளர்கள் அறையைக் கூட்டிய ஒவ்வொரு நாளும் அந்தத் தங்கம் துடைப்பத்தோடு வாசலைத் தாண்டிப் போயிருக்கிறது.

"அப்ப உன் விண்ணப்பம்?" என்றார்.

"இன்னும் பாதி இருக்கு. நாளைக்கு அதையும் போடறேன். அதே 205தான் வரும். பாப்போம்."

மறுநாள் புதன்கிழமை. வெள்ளிக்கிழமை கடைசி நாள். மீதிப் பாதியின் தங்கத் தாள்களை வடிகட்டி, திராவகத்தில் போட்டு, இளஞ்சூட்டில் வைத்தாள். மகளிடமிருந்து போன் வந்தது. புகை விசிறியின் சத்தத்தில் ஒன்றும் கேட்காததால் மாடிப்படி வரை போய்ப் பேசினாள். அறைக்குப் புதுத் திரைச்சீலை வாங்கியிருப்பதாக மகள் சொன்னாள். திரும்பி வந்தபோது அண்ணன் கொட்டகையிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார்.

"என்ன இங்க?"

"சும்மா. சூடு சரியா இருக்கான்னு பாத்தேன்."

"அதைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"தெரியாது. அதான் பாத்துட்டு வந்துட்டேன்."

ஒரு மணி நேரம் கழித்துக் கரைசலில் தண்ணீர் சேர்த்தபோது அது பால் கலந்தது போல் கலங்கியது. முதல் பாதியில் இது நடக்கவில்லை. வடிகட்டினாள். தாளில் தயிர்த் துணுக்குகள் மாதிரி வெள்ளையாக ஏதோ தங்கியது. பத்தொன்பது வருடம் நகைகளைக் கரைத்தவளுக்கு அது என்னவென்று உடனே தெரிந்தது. இருந்தாலும் தாளைக் கொண்டுபோய் ஜன்னல் வெயிலில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். கால் மணி நேரத்தில் வெள்ளை சாம்பலாகி, ஊதாவாகக் கறுத்தது. வெள்ளி. மெமரியின் பல்லில் செம்பு இருக்கும், நிக்கல் இருக்கும், தங்கம் இருக்கும். வெள்ளி இருக்காது. வெள்ளி கலந்த தங்கம் நகையில்தான் இருக்கும்.

கடையில் அண்ணன் இடது கையைப் பாக்கெட்டுக்குள் விட்டபடி ஒரு வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டிருந்தார். அந்த ஆள் போகும்வரை காத்திருந்தாள்.

"கையை எடு."

"எதுக்கு?"

"எடு அண்ணா."

எடுத்தார். மோதிர விரலில் வெள்ளையாக ஒரு தடம் இருந்தது. மோதிரம் மேல் பாக்கெட்டில் இருந்தது. ஒரு பக்கம் தட்டையாகியிருந்தது. அரம் போட்டு ராவியிருக்கிறார்.

"கொஞ்சூண்டுதான்" என்றார். "தொண்ணூறு மில்லிகிராம்தானே குறையுதுன்னே. கண்ணளவுல போட்டேன்."

"கண்ணளவுல! எடை போட்டுப் பாத்தா முன்னூத்தி அம்பது வரும். நீ என்னைக்கு அளவாப் போட்டிருக்கே? டீக்குச் சக்கரை போடற மாதிரி."

"ஜாஸ்தியா இருந்தா என்ன, உனக்கு நல்லதுதானே?"

"ஒரே டப்பாவுல பாதிக்கு இருநூத்தி அஞ்சு, பாதிக்கு முன்னூத்தம்பதுன்னு எழுதிக் கொடுத்தா அவங்க சிரிப்பாங்க. உன் வெள்ளி வேற மிதக்குது." குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். "இனிமே போடறதுக்குப் பலகை இல்ல அண்ணா. இருந்த பாதியையும் கெடுத்துட்டே."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். கீழே பேருந்து ஒன்று பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. நடத்துநர் அதன் பக்கவாட்டைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"நான் தேச்சுக் காலி பண்ணினது" என்றார் அண்ணன். "நான்தானே திருப்பி வைக்கணும்?"

"அண்ணிக்குத் தெரியுமா?"

"அவளுக்குத் தெரிஞ்சா நான் இங்க நிக்கவா போறேன்?"

அவள் சிரித்துவிட்டாள். பிறகு அவரும். மோதிரத்தை வாங்கி விரலில் மாட்டிவிட்டாள். உள்விளிம்பு இன்னும் கூராக இருந்ததால் அவர் ஸ்ஸ் என்றார்.

"அந்த மெமரியெல்லாம் ஆலைக்கு எங்கிருந்து வரும்?" என்று திடீரென்று கேட்டாள்.

"எங்கிருந்து வரும்? எங்களை மாதிரி கடையிலருந்துதான்."

"அங்கயும் தேச்சிருப்பாங்களா?"

"தேய்க்காதவன் எவன்? எனக்குச் சொல்லிக் கொடுத்தவரும் நீலம்தான். எதிர்க் கடைக்காரன் ஒரு படி மேல, உப்புத்தாள் போடுவான்."

வெள்ளிக்கிழமை காலை ஆலைக்குப் போனாள். கொள்முதல் அதிகாரியின் அறையில் மூன்று கோப்புகள் ஏற்கெனவே இருந்தன. இளவயதுக்காரர். அவளுடைய அறிக்கையை நின்றபடியே படித்தார்.

"முப்பது பின்னுக்கு 410னு போட்டிருக்கீங்க. படிவத்துல 590."

"ஆமா சார். 590 பெட்டி பிரிக்காத சரக்கு. 410 ஓடின சரக்கு. உங்களுக்கு வரப்போறது ஓடின சரக்கு."

"ஓடினா தங்கம் தேயுமா மேடம்?"

"ஓடினா தேயாது. தேய்ச்சா தேயும்." ரப்பரைப் பற்றிச் சொன்னாள்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். "எங்க அப்பாவும் அப்படித்தான் பண்ணுவாரு. வீட்டுல கம்ப்யூட்டர் நின்னா, என் ஜியாமெட்ரி பாக்ஸ்லருந்துதான் ரப்பரை எடுப்பாரு." பிறகு பழைய குரலுக்குத் திரும்பினார். "மத்த மூணு பேரும் 570க்கு மேல எழுதியிருக்காங்க."

"அவங்க எந்தச் சரக்கை எடுத்தாங்கன்னு எனக்குத் தெரியாது."

"இரண்டாவது பாதி அறிக்கை எங்கே?"

"கெட்டுப்போச்சு. வேற தங்கம் கலந்துடுச்சு. அதைக் கணக்குல எடுக்காதீங்கன்னு கீழ எழுதியிருக்கேன்."

"எப்படிக் கலந்துச்சு?"

"வீட்டுப் பிரச்சினை சார்."

அவர் அறிக்கையின் மேல் தேதி முத்திரை குத்தி, நான்காவது கோப்பாக அடியில் வைத்தார்.

ஜூலை 2-ஆம் தேதி கடிதம் வந்தது. பீங்கான் சிப், 72 பின், 168 பின் ஆகிய மூன்றும் வேறொரு நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டிருந்தன. 30 பின் மட்டும், ஆறு மாதத்துக்கு, கிலோவுக்கு 410 மில்லிகிராம் என்ற அளவில் அவளுக்குக் கிடைத்தது. ஆலை தன் சரக்கில் சோதித்துப் பார்த்ததில் அவள் எழுதிய அளவே சரியாக வந்ததாம். முதல் வண்டி அடுத்த திங்கட்கிழமை வந்தது. தொண்ணூற்றாறு கிலோ. அவள் எடையைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டாள்.